தேநீர் குடித்த ஆறாவது பயணி

"செத்தவங்களைப் பார்க்கறதுக்குத் தனிக் கட்டணமா?" என்று கேட்டேன்.

சுவரில் பெரிய பலகை மாட்டியிருந்தது. மூன்று நாள் உப்புவெளிப் பயணத்தோடு ஆசைப்பட்டவர்கள் காசு கொடுத்துச் சேர்த்துக்கொள்ளக்கூடிய கிளைப் பயணங்களை அதில் வண்ணம் வண்ணமாக வரைந்திருந்தார்கள். பூநாரைகள் மேயும் ஏரி. வெந்நீர் ஊற்றில் குளியல். உப்பின் நடுவே மேஜை போட்டு, சூரியன் இறங்கும்போது ஒயின். கடைசியில் தொப்பி போட்ட மண்டை ஓடு ஒன்று இளித்தது. சில்கானி மம்மி குகை.

நான் உப்புவெளி ஓரத்து ஊரான உயுனியில் பிறந்து வளர்ந்தவன். வெந்நீர் ஊற்றுக்கு அடித்துக்கொள்ளும் வெளிநாட்டுக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். குகைக்கு ஆசைப்பட்டுக் கேட்டவன் ஒருவனையும் பார்த்ததில்லை. எரிமலைச் சரிவில் மூச்சிரைக்க ஏறவேண்டும். ஏறிப் போனால் பிணம். இதற்கு எவன் காசு கொடுப்பான்?

பயண நிறுவனத்தின் முதலாளி, ஊரே மரியாதையாகத் 'தொன்' போட்டுக் கூப்பிடும் கவுதென்சியோ, என் கேள்வியைக் காதில் வாங்காதவர் போல என் தலைவியைப் பார்த்தார்.

தலைவி என்றால் ஹசிந்தா யுக்ரா. ஒருகாலத்தில் போலீஸ் சார்ஜன்ட். இப்போது கோழி வறுவல் கடை மாடியில் ஓர் அறை வைத்துக்கொண்டு, தொலைந்த ஆளையும் கம்பளிக்கு வளர்க்கிற லாமா தொலைந்தால் அதையும் தேடிக் கொடுக்கிறவர். இரட்டைப் பின்னல், காலில் அதே பழைய போலீஸ் பூட்ஸ், கோட்டில் கோழி வாசனை. நான் தோரிபியோ, அவருடைய உதவியாள். முன்பு உள்ளூர் வானொலியில் கால்பந்து வர்ணனை செய்துகொண்டிருந்தேன். வாய் அங்கேதான் கெட்டது.

"காணாமப் போனவன் பேரு சகாரியாஸ்" என்றார் கவுதென்சியோ. "அந்தக் குகைக்குக் காவல்காரன். முந்தாநாள் எங்க வண்டி ஒண்ணு அங்க போயிட்டு வந்துச்சு. அதுக்கப்புறம் ஆளைக் காணோம். என் டிரைவர் மேல சந்தேகம் வந்துச்சுன்னா ஊர்க்காரங்க ரோட்டை மறிச்சிடுவாங்க. ஒரு வண்டி நகராது. அதுக்கு முன்னாடி நீங்க அவனைக் கண்டுபிடிக்கணும்."

"கண்டுபிடிச்சா?" என்றார் தலைவி.

"முதல்ல எனக்குச் சொல்லுங்க. போலீஸுக்கு, அவன் பொண்டாட்டிக்கு, எல்லாருக்கும் அப்புறம் சொல்லிக்கலாம்." குரலைத் தாழ்த்தினார். "பாவம், இந்தக் குளிர்ல கால்ல செருப்புகூட இல்லாம எங்க கிடந்து நடுங்கறானோ!"

கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். கண்ணில் ஈரம் இல்லை. நான் பார்த்தேன்.

பின்கட்டு முற்றத்தில் டிரைவர் எவரிஸ்தோ ஜீப்பின் அடிவயிற்றில் ஒட்டிய உப்பைக் குழாய்த் தண்ணீரால் அடித்துக் கழுவிக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் கையிலிருந்த குழாய் நழுவி அவன் காலையே நனைத்தது. பளபளவென்று கறுப்புத் தோல் ஷூ.

"என்னப்பா, கல்யாணத்துக்குப் போற ஷூவைப் போட்டுக்கிட்டு வண்டி கழுவறே? மாப்பிள்ளைக்கு வேற வேலை இல்லையா?" என்றேன்.

அவன் காலை ஜீப்பின் நிழலுக்குள் இழுத்துக்கொண்டான்.

"முந்தாநாள் எத்தனை பேரைக் கூட்டிட்டுப் போனே?" தலைவி கேட்டார்.

"அஞ்சு பேர், தோன்யா" என்றான் மரியாதையாக.

"குகைக்குப் போகணும்னு யார் கேட்டா?"

"அவங்கதான். ரொம்ப ஆசைப்பட்டாங்க."

"சகாரியாஸைப் பார்த்தியா?"

"பார்த்தேன். வாசல்ல நின்னு கையாட்டினாரு. நல்லாத்தான் இருந்தாரு." பேசும்போது அவன் பார்வை முற்றத்தின் கோடியில் பூட்டிக் கிடந்த கிடங்குக்கும் முதலாளியின் ஜன்னலுக்கும் மாறி மாறி ஓடியது.

"எங்களோட சில்கானி வரைக்கும் வர்றியா?"

"முடியாது. வாசலைத் தாண்டக்கூடாதுன்னு முதலாளி உத்தரவு." பிறகு, உதடு அசையாமல், "நீங்களும் போகாம இருந்தா நல்லது" என்றான்.

போனோம்.

உப்புவெளியில் ஒரு கஷ்டம் உண்டு. அங்கே ஒளிந்துகொள்ள எதுவும் கிடையாது. நான்கு பக்கமும் வெள்ளை, தலைக்கு மேல் நீலம், நடுவில் நாம் ஒரு கறுப்புப் புள்ளி. யார் பார்த்தாலும் தெரிவோம். நமக்குப் பின்னால் யார் வந்தாலும் தெரியும். எங்களுக்குப் பின்னால் வெகு தொலைவில் இன்னொரு புள்ளி இருந்தது. நாங்கள் வேகம் எடுத்தால் அதுவும் எடுத்தது. இயந்திரத்துக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தினோம். அதுவும் நின்றுவிட்டது.

"தலைவி, நமக்கு ரசிகர் ஒருத்தர் கிடைச்சிருக்காரு."

"பார்த்துட்டேன். நீ ரோட்டைப் பாரு."

"ரோடு எங்க இருக்கு இங்க?"

அவர் மலைச் சீக்குக்காகக் கன்னத்தில் அடக்கிய கோக்கா இலையை மறுபக்கம் தள்ளினார். வழக்கமாக என் ஜோக்குக்கு ஒரு திட்டாவது கிடைக்கும். கிடைக்காதபோது எனக்குப் பயம் வந்துவிடும்.

பாதி வழியில் உப்புக் கட்டிகளை அடுக்கிக் கட்டிய விடுதி. சுவர் உப்பு, மேஜை உப்பு, கட்டில் உப்பு. அதை நடத்தும் லெயோகாதியா அம்மாளின் சமையலில் மட்டும் உப்பு இருக்காது. எங்களுக்கு ஆளுக்கொரு கிண்ணம் கீன்வா தானிய சூப்பை வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"எவரிஸ்தோ வண்டியா? நல்லா ஞாபகம் இருக்கு. அஞ்சு வெள்ளைக்காரங்களும் ஒரே கோவத்துல இருந்தாங்க. வெந்நீர்க் குளியலுக்குக் காசு கட்டியிருக்காங்க. இவன் என்னடான்னா வண்டியைத் திருப்பிப் பிணத்தைக் காட்டக் கூட்டிட்டுப் போயிட்டான். ஒருத்திக்கு வழியெல்லாம் தலை சுத்திச்சாம்."

தலைவி கரண்டியைக் கீழே வைத்தார். "அவங்க குகையைக் கேட்கவே இல்லையா?"

"எவன் கேட்பான்? நீ கேட்பியா?"

"என்னைக் கேட்காதீங்க. நான் இவங்க ஆபீஸ்லயே தினமும் பயந்து சாகறவன்" என்றேன்.

"ஆறாவது ஆளுக்குத்தான் பாவம் ரொம்ப முடியல" என்றார் லெயோகாதியா, என்னைக் கண்டுகொள்ளாமல்.

"ஆறாவது ஆளா?" என்றோம் இருவரும் ஒரே குரலில்.

"ஆமா. சில்கானில ஏத்திக்கிட்டானாம். சீக்காளி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்னான். மத்தவங்க எல்லாம் உள்ள வந்து சாப்பிட்டாங்க, எவரிஸ்தோவும்தான். அது மட்டும் பின் சீட்டுல உட்கார்ந்திருந்துச்சு. தொப்பி, கறுப்புக் கண்ணாடி, மூஞ்சி முழுக்கத் துணி. முழங்காலை நெஞ்சோட சேர்த்துக்கிட்டு, வயித்துக்குள்ள பிள்ளை இருக்குமே, அப்படி. ஆணா பொண்ணான்னுகூடத் தெரியல. மனசு கேக்காம நானே சூடா ஒரு கோப்பை கோக்காத் தேநீர் கொண்டுபோய்ப் பக்கத்துல வச்சுட்டு வந்தேன்."

"பேசுச்சா?"

"மூச்சு விடல."

தலைவி எழுந்து கோட்டை மாட்டினார். வாசல் வரை போனவர் திரும்பினார். "அந்தக் கோப்பையைத் திரும்ப யார் எடுத்தது?"

"நான்தான். எவரிஸ்தோ இங்க சாப்பிட்டுட்டு இருக்கும்போதே போய் எடுத்துட்டு வந்து கழுவி வச்சேன். காலிக் கோப்பை, எடுக்கறதுக்கு என்ன?"

வெளியே வந்தோம். பின்னால் வந்த புள்ளி இப்போது ஓர் எறும்பு அளவுக்கு வளர்ந்திருந்தது. நகராமல் காத்திருந்தது.

வண்டியைக் கிளப்பியதும் என் மூளையும் கிளம்பியது. "தலைவி, முடிஞ்சுது கேஸ். எவரிஸ்தோ சகாரியாஸைக் கொன்னுட்டான். பிணத்துக்குக் கண்ணாடி மாட்டி..."

"செத்தவனை முழங்காலைக் கட்டி உட்கார வச்சா வண்டி குலுங்கற குலுக்கலுக்கு ஒரு பக்கமா சரிஞ்சிடும்."

"அப்படின்னா..." என்று இழுத்தேன். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. வண்டியை நிறுத்தியேவிட்டேன். "முழங்காலைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கறது யாரு? நானூறு ஐநூறு வருஷமா அப்படியே உட்கார்ந்திருக்கறது யாரு? மம்மி! குகையிலேர்ந்து ஒரு மம்மியைத் திருடி, சீக்காளின்னு சொல்லி, அஞ்சு வெள்ளைக்காரங்க நடுவுல உட்கார வச்சு, எல்லார் கண்ணு முன்னாடியும் ஓட்டிக்கிட்டுப் போயிருக்கான். மலைச் சீக்கு வந்து சுருண்டு கிடக்கற பயணியை யார் தொட்டுப் பார்ப்பா? அதுக்குத்தான் அந்த யாரும் கேட்காத கிளைப் பயணம். குகைக்கு வண்டி போக ஒரு சாக்கு வேணுமே! சகாரியாஸ் தடுத்திருக்கான். அவனைக் கொன்னு மலையில எங்கயோ தள்ளிட்டாங்க."

வானொலியில் கோல் விழுந்தால் எப்படிக் கத்துவேனோ அப்படிக் கத்தினேன்.

"ம்" என்றார் தலைவி.

"வெறும் 'ம்'மா?"

"பாதி சரி. வண்டியை எடு."

சில்கானி, துனுபா எரிமலையின் காலடியில் கல் வீடுகளும் கல் வேலிகளுமாகக் கிடந்தது. சகாரியாஸின் மனைவி பெனிதா வாசலிலேயே நின்றிருந்தாள். நாங்கள் யார் என்று சொன்னோம். அழவில்லை, கேள்வி கேட்கவில்லை. இடுப்பு முடிச்சிலிருந்து ஒரு சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். கணவனைக் காணாத பெண் இவ்வளவு அமைதியாக இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஏறினோம். காற்று காதை அறுத்தது. பாதியில் நின்று மூச்சு வாங்கினேன். "அக்கா, உங்க முன்னோருங்க தரையில குடியிருந்திருக்கக் கூடாதா?" என்றேன். பெனிதாவின் உதடு ஒரு கணம் அசைந்தது. அவ்வளவுதான்.

குகை வாசலில் இரும்புக் கம்பிக் கதவு, கனத்த பூட்டு. குனிந்துதான் நுழைய முடியும். உள்ளே கண் பழக நேரம் பிடித்தது. பிறகு அவர்கள் தெரிந்தார்கள். சுவரோரமாக வரிசையாக, முழங்காலைக் கட்டிக்கொண்டு, வாயைத் திறந்தபடி. சிலருக்குப் பின்னல் இன்னும் இருந்தது. ஒருவர் காலடியில் யாரோ புதிதாகக் கோக்கா இலை வைத்திருந்தார்கள்.

"எத்தனை பேர் குறையறாங்க?" தலைவி கேட்டார்.

"டிசம்பர் மழையப்போ ரெண்டு பேர் போனாங்க" என்றாள் பெனிதா. "ஒரு தாயும் அவ மடியில இருந்த குழந்தையும். அதோ, அந்த இடம். காவல் இருந்தவன்தான் வித்துட்டான்னு ஊரே என் வீட்டுக்காரரைப் பேசிச்சு. கூட்டத்துல அவரை உட்கார விடல. நின்னுக்கிட்டே இருந்தாரு."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் யாரும் போகல. எல்லாரும் இருக்காங்க."

என் கோல் ஆஃப்சைடு ஆனது. "அப்ப முந்தாநாள் ஜீப்புல போன மம்மி யாரு?"

தலைவி டார்ச் ஒளியைக் குகையின் கோடிக்கு ஓட்டினார். அங்கே ஒரு கல்லின்மேல் மடித்து வைத்த சட்டை, கம்பளித் தொப்பி, டயர் ரப்பரில் தைத்த ஒரு ஜோடிச் செருப்பு.

"தோரி, மம்மி தேநீர் குடிக்குமா?"

நான் சுவரோர முகங்களைத் திரும்பிப் பார்த்தேன்.

"காலிக் கோப்பைன்னு அந்தம்மா சொன்னாங்களே, கவனிச்சியா? எவரிஸ்தோ அப்ப உள்ள சாப்பிட்டுக்கிட்டு இருந்தான். வண்டியில அது மட்டும்தான் இருந்துச்சு." அவர் பெனிதாவின் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியது. "யாரும்மா சுத்திவிட்டது? நீதானே?"

பெனிதா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான் அக்கா. பழைய துணியைத் தேடி எடுத்து, இந்தக் கையாலதான் சுத்தித் தச்சேன். ஒரு கையும் ரெண்டு காலும் மட்டும் வெளிய வர்ற மாதிரி இடம் விட்டேன். பொணத்துக்குச் செய்யறதை உயிரோட இருக்கறவருக்குச் செஞ்சேன்." முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். "எவரிஸ்தோ எங்க பொண்ணோட ஞானஸ்நானத்துல ஞானத்தகப்பனா நின்னவன். மழைக்காலத்துல போனதும் அவன் வண்டியிலதான் போச்சு. மூட்டையில என்னன்னு தெரியாம ஏத்திட்டான். தெரிஞ்சப்புறம் தூக்கம் இல்லாம என் வீட்டுக்காரர்கிட்ட வந்து அழுதான். போன்ல ஒரு குரல் சொல்லுமாம், இன்னும் ஒண்ணு வேணும், பெட்டியில வச்சு ஊருக்கு வெளிய அந்தத் துருப்பிடிச்ச ரயில் எஞ்சின்கள் கிடக்குதே, அங்க வச்சுட்டுப் போன்னு. யாருன்னு அவனுக்கும் தெரியல. அப்பதான் இவர் சொன்னாரு, நானே போறேன்னு. பெட்டியைத் திறக்கறவன் மூஞ்சியைப் பார்த்துட்டு, அந்தத் தாயையும் பிள்ளையையும் எங்க வச்சிருக்கான்னு தெரிஞ்சுக்கிட்டு வர்றேன்னு."

"கனம் தெரியாதா? மம்மின்னா கோழி எடைதானே இருக்கும்?" என்றேன்.

"பெட்டி நிறைய உப்புக் கட்டி வச்சா சந்தேகம் வராதுன்னு எவரிஸ்தோ சொன்னான். ஈரம் படாம இருக்க வச்சேன்னு சொல்லிக்கலாம்னு." அவள் நிமிர்ந்தாள். "நேத்துக் காலையிலயே வந்திருக்கணும் அக்கா. வரல."

குகைக்குள் காற்று ஊளையிட்டது. ஒரு மனிதன் உயிரோடு தன்னைப் பிணமாகக் கட்டிக்கொண்டு, பெயர் தெரியாத ஒருவன் வந்து மூடியைத் திறப்பதற்காக இருட்டில் காத்திருந்திருக்கிறான். 

தலைவி அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெளியே போய்ப் பாறை ஓரத்தில் நின்றார். கீழே உப்பு கண்ணைக் கூச வைத்தது. எறும்பு அளவு இருந்த வண்டி இப்போது ஊர் எல்லையில் நின்றது. வெள்ளி நிறப் பெரிய ஜீப். அதிலிருந்து ஒருவர் இறங்கி மலைப்பாதையைப் பிடித்தார்.

"கவுதென்சியோ!" என்றேன். "நம்மளை வேலைக்கு வச்சவரே எதுக்கு நம்ம பின்னாடி வர்றாரு?"

"இந்தச் செருப்பு இங்க இருக்குன்னு யாருக்குத் தெரியும், தோரி? இவளுக்குத் தெரியும். இப்ப நமக்குத் தெரியும். செருப்பு இல்லாம நடுங்கறானோன்னு காலையில அழுதாரே, அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

நான் கீழே பாதையில் ஏறிவரும் உருவத்தைப் பார்த்தேன்.

"பெட்டியைத் திறந்தவன் வெறுங்காலைப் பார்த்திருக்கான். அந்தக் காலு எழுந்து ஓடினதையும் பார்த்திருக்கான். சகாரியாஸ் இவனோட மூஞ்சியைப் பார்த்துட்டாரு. அதனாலதான் போலீஸுக்கு முன்னாடி, பொண்டாட்டிக்கு முன்னாடி, முதல்ல எனக்குச் சொல்லுன்னான். நம்மளை வேட்டை நாயா அனுப்பியிருக்கான். நாம குரைக்கற இடத்துல வந்து அவன் சுடுவான்."

"அவர் உயிரோட இருக்காரா?" பெனிதா தலைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பிடிபட்டிருந்தா இவன் இப்படி மூச்சு வாங்கி மலை ஏறமாட்டான். தோரி, எவரிஸ்தோ கால்ல என்ன பார்த்தே?"

"மாப்பிள்ளை ஷூ."

"வண்டி கழுவறவன் எதுக்கு அதைப் போடறான்? அவனோட பூட்ஸ் இப்ப வேற ஒருத்தர் கால்ல இருக்கு. அதனால. சகாரியாஸ் அவன் வீட்லதான் ஒளிஞ்சிருக்காரு. இவன் எவரிஸ்தோவை வாசலைத் தாண்ட விடாம வச்சிருந்ததால ரெண்டு பேராலயும் நகர முடியல." அவர் போனை எடுத்து மேட்டில் ஏறி, கையை உயர்த்திச் சிக்னல் தேடினார். கிடைத்ததும் பேச்சு சுருக்கமாக இருந்தது. "எவரிஸ்தோ, நான் ஹசிந்தா. உன் முதலாளி இப்ப என் கண்ணு முன்னாடி மலை ஏறிக்கிட்டு இருக்கான். காலையில நீ திரும்பித் திரும்பிப் பார்த்தியே, அந்தக் கிடங்குக்குக் காவல் யாரும் இல்லை. உன் வீட்ல ஒளிஞ்சிருக்கறவர்கிட்ட சொல்லு. அவர் தேடிப்போனது அங்கதான் இருக்கும். மத்த எதையும் தொடாதீங்க, போலீஸுக்கு நான் சொல்லிடறேன்."

அடுத்து தன் பழைய நிலையத்துக்குப் பேசினார். பிறகு பெனிதாவிடம் கை நீட்டினார். "பூட்டைக் குடு."

கவுதென்சியோ வந்து சேர்ந்தபோது முகம் ஊதா நிறமாக இருந்தது. ஆனால் சிரித்தார். கோட்டுப் பையிலிருந்து வலது கையை மட்டும் வெளியே எடுக்கவில்லை. அந்தப் பையின் கனம் எனக்குப் பிடிக்கவில்லை.

"என்னால ஆபீஸ்ல உட்கார்ந்திருக்க முடியல, தோன்யா. மனசு கேட்கல. ஏதாவது தெரிஞ்சுதா?"

"கண்டுபிடிச்சாச்சு" என்றார் தலைவி.

கவுதென்சியோவின் சிரிப்பு நின்றது. "எங்க?"

"உள்ளதான். பெரியவங்களோட பெரியவரா உட்கார்ந்திருக்காரு. துணியைச் சுத்திக்கிட்டு. கூப்பிட்டா அசையமாட்டேங்கறாரு. ரொம்பப் பயந்துபோயிருக்காரு போல. உங்க பேரைச் சொன்னதும் அழுதாரு."

பெனிதா முகத்தை முக்காட்டில் மூடிக்கொண்டு குலுங்கினாள். அது நடிப்பா நிஜமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"நான் அவன்கிட்டத் தனியாப் பேசறேன்" என்றார் அவர் மெதுவாக. "நீங்க எல்லாரும் கீழே போய் இருங்க. அந்தம்மாவையும் கூட்டிட்டுப் போங்க. நல்லபடியா நான் கூட்டிட்டு வர்றேன்."

அவருடைய வலது கை இன்னும் பைக்குள்ளேயே இருந்தது.

"இந்தாங்க, டார்ச்" என்றார் தலைவி. "கடைசியில, இடது பக்கம்."

அவர் குனிந்து நுழைந்தார். டார்ச் ஒளி சுவரில் ஆடியது. ஒவ்வொரு முகமாக நின்று நின்று போனது. "சகாரியாஸ்..." என்று கொஞ்சலாகக் கூப்பிடும் குரல் கேட்டது. "வெளிய வாப்பா. யாரும் ஒண்ணும் செய்யமாட்டாங்க."

தலைவி கம்பிக் கதவைத் தள்ளினார். நான் பூட்டை வாங்கி மாட்டி அழுத்தினேன். முதல் தடவை விழவில்லை. இரண்டாவது தடவை விழுந்தது.

மூவரும் பாறையின் பக்கவாட்டில் ஒண்டிக்கொண்டோம்.  பிறகு ஓடிவரும் காலடி, கம்பியைப் பிடித்து உலுக்கும் சத்தம், ஒரு வெடிச் சத்தம். எங்கள் தலைக்கு மேலே பொடிக் கற்கள் சரிந்தன. பெனிதா என் கையை நசுக்கிவிட்டாள்.

"இன்னொரு தடவை சுட்டீங்கன்னா கூரை உங்க தலையிலதான் விழும், தொன் கவுதென்சியோ" என்றார் தலைவி, சந்தையில் விலை கேட்கும் குரலில். "அந்தத் தாயும் குழந்தையும் எங்க?"

"திற! யாரு, என்னன்னு தெரியாம மோதறே. மந்திரிங்க எல்லாம் என் வீட்ல சாப்பிடறவங்க!"

"அவங்களுக்கும் தனிக் கட்டணமா?" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

அவர் கெஞ்சினார், மிரட்டினார், விலை பேசினார். பிறகு டார்ச் மங்கத் தொடங்கியிருக்க வேண்டும். "வெளிச்சம் போகுது, வெளிச்சம் போகுது" என்றார். அதற்கப்புறம் அவர் பேசியது எங்களிடம் இல்லை. உள்ளே இருந்தவர்களிடம்.

துப்பாக்கிச் சத்தம் கேட்டு ஊர் ஏறி வந்தது. ஆண்கள் தடியோடும் கவணோடும் வந்தார்கள். அவர்களிடம் பெனிதாதான் பேசினாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். கூட்டத்தில் தன் கணவனை நிற்க வைத்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி, அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். யாரும் நிமிரவில்லை.

சூரியன் உப்பைத் தொடும் நேரத்தில் வெள்ளையின் மேல் இன்னொரு புள்ளி தெரிந்தது. நீளமான நிழலை இழுத்துக்கொண்டு நேராக எங்களை நோக்கி வந்தது. எவரிஸ்தோவின் ஜீப். பெனிதா முதலில் நடந்தாள், பிறகு ஓடினாள். சரிவில் அப்படி ஓடினால் கழுத்து முறியும். அவளுக்கு முறியவில்லை. நாங்கள் எல்லோரும் பின்னாலேயே இறங்கினோம்.

முன் சீட்டிலிருந்து இறங்கிய மனிதர் ஒல்லியாக இருந்தார். துருப்பிடித்த எஞ்சின்களைப் பிடித்து ஏறித் தப்பியதில் கிழிந்த உள்ளங்கை இரண்டிலும் துணிக் கட்டு. அவள் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள், நெஞ்சில் குத்தினாள். அதன் பிறகுதான் கட்டிக்கொண்டாள்.

"வந்துட்டேன்ல" என்றார் சகாரியாஸ். "அடிக்காதே. அவங்க பார்க்கறாங்க."

பின் சீட்டில் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். தாய்க்கு எவரிஸ்தோவின் மனைவியுடைய சிவப்புப் போர்வை. மடியில் சிறிய பொட்டலம். குலுங்கிச் சரியாமல் இருக்க, சீட் பெல்ட்டைக் குறுக்கே மாட்டியிருந்தார்கள். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி எவரிஸ்தோ சத்தம் இல்லாமல் அழுதுகொண்டிருந்தான்.

ஊர் ஆண்கள் ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றினார்கள். வயதில் மூத்த ஒருவர் சகாரியாஸின் முன்னால் வந்து ஏதோ சொல்லத் தொடங்கினார். சகாரியாஸ் அவரைத் தடுத்தார்.

"அது அப்புறம். குகையில யாரையோ பூட்டி வச்சிருக்கீங்களாமே?"

"ஆமா" என்றார் தலைவி. "போலீஸ் வர்ற வரைக்கும் அங்கயே இருக்கட்டும்."

"வேண்டாம் தோன்யா. முதல்ல அந்த ஆளை வெளிய எடுங்க." அவர் கட்டுப்போட்ட கையால் பின் சீட்டைக் காட்டினார். "இவங்களுக்கு அது வீடு."

எடுத்தார்கள். கவுதென்சியோ தானாகவே துப்பாக்கியைக் கம்பி வழியாக வெளியே தள்ளினார். அவரைத் தூக்கித்தான் நிறுத்த வேண்டியிருந்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்து அறையில் அடைத்துக் காவல் வைத்தார்கள். போலீஸ் பிறகு வந்தது. கிடங்கில் அவர்கள் எடுத்த பொருள்களை இறக்கி வைக்க முற்றம் போதவில்லை. பலகையில் இருந்த ஒவ்வொரு கிளைப் பயணத்தின் வழியிலும் ஒரு பழைய தேவாலயமோ குகையோ திருட்டுப் போயிருந்தது. அது பிறகு நடந்த கதை.

அந்தி வெளிச்சத்தில் சகாரியாஸும் பெனிதாவும் தாயைப் போர்வையோடு தூக்கிக்கொண்டார்கள். சகாரியாஸ் சுற்றும்முற்றும் பார்த்தார். ஊர்க்காரர்கள் யாரையும் கூப்பிடவில்லை. என்னைப் பார்த்தார்.

"தம்பி, பிள்ளையை நீ தூக்கிட்டு வர்றியா? ரெண்டு பேரையும் தூக்க என் கைல பலம் இல்ல."

நான் தலைவியைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார்.

இரண்டு கைகளையும் நீட்டி வாங்கிக்கொண்டேன். சந்தையில் வாங்கிய ரொட்டிப் பொட்டலம் அளவுக்குத்தான் கனம். அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஏறினேன். காற்று குளிராக வீசியது. மேல் கோட்டின் பித்தானைக் கழற்றி உள்ளே வைத்து மூடிக்கொண்டேன். முன்னால் போனவர்கள் ஒரு செங்குத்தான இடத்தில் தயங்கினார்கள்.

"பார்த்து, அந்தக் கல்லு வழுக்கும்" என்றேன், கோட்டுக்குள் குனிந்து.

தலைவி திரும்பிப் பார்த்தார். நான் சொன்னது அவரிடம் இல்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.